தூரத்துப் பல்கலைக்கழகம்: போவதா, விடுவதா?

க.பொ.த. உயர்தர வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் நமது கரையோர ஊர்களின் பல வீடுகளில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கிடைத்த இடம் ஒலுவிலோ வந்தாறுமூலையோ அல்ல. மாத்தறை, அல்லது பெலிஹுல்ஓயா. "சிங்கள ஊரு, கலாசாரம் வேற. பொம்புளப் புள்ளயத் தனிய எப்பிடி அனுப்புற?" என்ற ஒரே வாக்கியத்தோடு சில வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. பதின்மூன்று வருடம் பாடசாலையில் உழைத்துப் பெற்ற இடம் அந்த வாக்கியத்தோடு கைவிட்டுப் போகிறது.

நான் அம்பாறை மாவட்டக் கரையோர ஊரொன்றிலிருந்து சென்று, ருஹுணு பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் நான்கு வருடம் கற்றவள். இப்போது ஆசிரியையாக இருப்பதால், ஒவ்வொரு வருடமும் சில பெற்றோர் என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள். "போகட்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ நான் சொல்வதில்லை. அது அந்தக் குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை எவ்வாறு எடுக்கலாம் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முடிவு எடுக்கப்படும் நேரம்

கடிதம் வந்த பிறகுதான் நம் குடும்பங்கள் கூடிப் பேசுகின்றன. உண்மையில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே முடிவின் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிடுகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தப் பாடநெறியை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறோம் என்பதை விருப்ப வரிசையில் எழுதுகிறோம். மாணவியின் இஸட் புள்ளியும் இந்த வரிசையும் சேர்ந்துதான் அவளுடைய இடத்தைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன.

ஆகவே, உம்மாவும் வாப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார வேண்டிய நாள், விண்ணப்பம் நிரப்பும் நாள்தான். எங்கோ ஒரு கணினி நிலையத்தில் அவசர அவசரமாக நிரப்பிக் கொடுக்கும் வரிசை நான்கு வருட வாழ்க்கையைத் தீர்மானித்துவிடக்கூடும். ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூல் தமிழிலும் கிடைக்கிறது. அதைப் பெற்றோரும் படிக்க வேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் என்ன கட்டுப்பாடு, பதிவு செய்யாமல் விட்டால் என்ன நிலை என்பவற்றை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறியாமல் அந்த வருடத்துக் கைநூலிலேயே பாருங்கள். பின்னர் இடமாற்றம் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் எந்த இடத்தையும் எழுத வேண்டாம். அது நினைத்தவுடன் கிடைக்கும் ஒன்றல்ல.

நமக்கு ஏன் இது கூடுதலான கஷ்டம்?

கிழக்கிலங்கை முஸ்லிம்களாகிய நம்மிடம் ஒரு தனி வழக்கம் இருக்கிறது. நம் ஊர்களில் திருமணத்துக்குப் பின் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு எழுதப்படுகிறது. குடிகூடத் தாய்வழியாகவே வருகிறது. 'புகுந்த வீடு' என்ற சொல் நமக்குக் கதைப் புத்தகத்தில் வரும் சொல். மூத்தம்மா, உம்மா, மகள் என்று ஒரே வளவுக்குள் மூன்று தலைமுறைப் பெண்கள் வாழ்வது நமக்குச் சாதாரணம்.

விடுதியில் என் அறைத்தோழி ஒருத்திக்கு இதைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்பட்டாள். அவர்களிடம் மணமகள் கணவன் வீட்டுக்குப் போவதே பெருவழக்கு. அதைத் 'தீக' என்பார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவது 'பின்ன'. அது குறைவாகவே நடக்கும். அவளுக்கு, ஒருநாள் வேறோர் ஊருக்குப் போய் வாழ வேண்டும் என்பது சிறு வயதிலிருந்தே தெரிந்த விடயம். எனக்கோ அப்படி ஓர் எண்ணமே வளர்ந்திருக்கவில்லை.

பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புவது நமக்குப் பாரமாகத் தெரிவதற்கு மார்க்கத்தைப் போலவே இந்த ஊர் வழக்கமும் காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். நம் வாப்பாமாரில் பலர் வேறு ஊரில், வேறு வட்டாரத்தில் பிறந்து, இருபத்தைந்து வயதில் உம்மாவின் வீட்டுக்கு வந்து, அவர்களுடைய சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் பழகியவர்கள். இடம்பெயர்ந்து வாழ்வது எப்படி என்று மகளுக்குச் சொல்லித் தரக்கூடியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

'கலாசாரம்' என்பது ஒரே மூட்டையல்ல

"கலாசாரம் வேறு" என்று சொல்லும்போது மொழி, உணவு, உடை, வணக்கம், பழக்கவழக்கம், பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். மூட்டையாகத் தூக்கினால் யாருக்கும் பாரம்தான். அவிழ்த்துப் பார்த்தால், சிலவற்றில் வேறுபாடே இல்லை என்றும், சிலவற்றுக்கு வழி இருக்கிறது என்றும், சிலவற்றுக்கு மட்டுமே உண்மையாக யோசிக்க வேண்டும் என்றும் தெரியவரும்.

மார்க்கம் ஒன்றாக இருந்தாலும் கலாசாரம் வேறாக இருக்கலாம் என்பதற்கு இப்னு பதூதா நல்ல உதாரணம். மொரோக்கோவின் தன்ஜாவில் பிறந்த அந்தப் பயணி, 1343ஆம் ஆண்டளவில் மாலைதீவை அடைந்து அங்கு காழியாக நியமிக்கப்பட்டார். மக்கள் முஸ்லிம்கள்தான். ஆனால் அந்நாட்டுப் பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற முயன்றும் தம்மால் முடியவில்லை என்று அவரே தமது பயண நூலில் எழுதுகிறார். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையைத் தரிசித்த பின், தெற்கே இறங்கித் தீனவர் என்று அவர் குறிப்பிடும் தெவிநுவரைக்கும் காலிக்கும் சென்றார். தெவிநுவரை மாத்தறைக்கு அருகிலுள்ள ஊர். அதை வணிகர்கள் வாழும் பெரிய நகரமென்றும் பெரிய கோயிலொன்று இருக்குமிடமென்றும் வர்ணிக்கிறார். முஸ்லிம் நாட்டில் அவருக்குச் சங்கடம் இருந்தது; முஸ்லிம் அல்லாத ஊரில் அவர் பாதுகாப்பாகப் பயணம் செய்தார். ஓர் ஊரின் பெயரை மட்டும் வைத்து அங்குள்ள வாழ்வை அளக்க முடியாது.

மொழி

தெற்குக் கரை தமிழுக்குப் புதிய இடமல்ல. சீனத் தளபதி செங் ஹே நாட்டிய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. ஆனால் அறுநூறு வருடத்துக்கு முந்திய கல்வெட்டை வைத்துக்கொண்டு இன்று கடையில் சவர்க்காரம் வாங்க முடியாது. மாத்தறையில் அன்றாட வாழ்வுக்குச் சிங்களம் தேவை.

விஞ்ஞானம், விவசாயம், மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். ஆகவே வகுப்பறையில் தமிழ் மாணவியும் சிங்கள மாணவியும் ஒரே கஷ்டத்தையே படுவார்கள். வித்தியாசம் வகுப்பறைக்கு வெளியேதான்: பஸ்ஸில், விடுதிக் காரியாலயத்தில், வைத்தியசாலையில், நண்பிகள் பகிடி சொல்லிச் சிரிக்கும் இடத்தில். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் கிடைக்கின்றன. பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களத்தை அந்த மாதங்களில் வாய்விட்டுக் கதைத்துப் பழகினால் பாதிப் பயம் ஊரிலேயே தீர்ந்துவிடும். "கொஹேத யன்னே?" என்று வழியில் ஒருவர் கேட்டால், நாம் எங்கே போகிறோம் என்று துருவி விசாரிப்பதாக எண்ணிச் சங்கடப்படத் தேவையில்லை. நம் ஊரில் "எங்க போறீங்க?" என்று கேட்பதுபோல அதுவும் ஒரு முகமன்தான்.

மொழி ஒன்றாக இருந்தால் எல்லாம் எளிது என்றும் எண்ணிவிடக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்தால் தமிழில் தடையின்றிக் கதைக்கலாம். ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின், அங்கே முஸ்லிம்களின் தொகை இன்றும் மிகக் குறைவு. மாத்தறையிலோ மொழி வேறு, ஆனால் நகரிலும் வெலிகமையிலும் திக்வெல்லையிலும் பழைய முஸ்லிம் குடியிருப்புகளும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் கிடைப்பது மற்ற இடத்தில் கிடைக்காது. தன் மகளுக்கு எது கூடுதலாகத் தேவை என்பதைக் குடும்பம்தான் அறியும்.

உணவும் தங்குமிடமும் தொழுகையும்

உணவைப் பற்றி உம்மாமார் அதிகம் கவலைப்படுகிறார்கள். தெற்கும் கடலோரம்தான். மீன், சோறு, தேங்காய், மாசி எல்லாம் அங்கும் உண்டு. கொறுக்காய்ப் புளியில் வற்றவைக்கும் 'அம்புல் தியல்' முதலில் நாக்குக்குப் புதிதாக இருக்கும். பிறகு ஊருக்கு வந்தபோது அதை உம்மாவிடம் சமைக்கச் சொல்லிக் கேட்டவள் நான். இறைச்சி வேண்டுமென்றால் நகரில் முஸ்லிம் கடைகள் இருக்கின்றன. மற்ற நாட்களில் மீனும் மரக்கறியும் போதும்.

தங்குமிடம்தான் உண்மையில் விசாரிக்க வேண்டிய விடயம். அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் விடுதியில் முன்னுரிமை கிடைக்கும். இடைப்பட்ட வருடங்களில் வெளியே போடிங் தேட வேண்டி வரலாம். அதற்கான செலவையும் பாதுகாப்பையும் முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும். எந்த வளாகம் என்பதையும் பாருங்கள். ருஹுணு என்று ஒரே பெயர் சொன்னாலும், பிரதான வளாகம் மாத்தறை வெல்லமடமவில், மருத்துவ பீடம் காலி கராப்பிட்டியவில், பொறியியல் பீடம் ஹப்புகலவில், விவசாய பீடம் கம்புறுபிட்டிய மாப்பலானவில் இருக்கின்றன. வெல்லமடம கடலோரம், நகரத்துக்குப் பக்கம். மாப்பலான உள்நாட்டுக் கிராமம்; கறுவாவும் தேயிலையும் பயிரிடும் மேட்டுநிலம்; அங்கே பள்ளிவாசல் பாங்கு காதில் விழாது. ஒரே பல்கலைக்கழகம், இரண்டு வித வாழ்க்கை.

தொழுகையைப் பொறுத்தவரை, சுபஹுக்கு எழும்பும்போது அறையில் மற்றவர்கள் நித்திரை. விளக்கைப் போடாமல் சிறிய டோர்ச் ஒன்றைப் பாவிப்பது என்று நாங்கள் முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். அவர்கள் மாலையில் விளக்கேற்றிக் கும்பிடும் மூலையை நாங்கள் குழப்புவதில்லை. நோன்பு காலத்தில் விடுதியில் சமைக்க அனுமதி இல்லாவிட்டால் சஹர் உணவுக்கு முன்கூட்டியே வழி தேட வேண்டும். செய்முறை வகுப்புகளிலும் வயல் வேலையிலும் அணியும் உடை பற்றிய விதிகளை ஆரம்பத்திலேயே கேட்டறிந்துகொண்டால் பின்னர் வாக்குவாதம் வராது.

மஹ்ரம் இன்றிப் பயணம் செய்வது, வெளியூரில் தங்குவது பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உலமாவிடம் கேட்கும்போது கேள்வியை முழுமையாகக் கேளுங்கள். "பொம்புளப் புள்ளய அனுப்பலாமா?" என்பது அரைக் கேள்வி. என்ன படிப்பு, எங்கே தங்குவாள், யார் கொண்டுபோய் விடுவார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவாள், கூட யார் இருப்பார் என்பவற்றைச் சொல்லிக் கேட்டால்தான் அவராலும் சரியாக வழிகாட்ட முடியும்.

பயத்தை மறைக்க வேண்டாம்

பெற்றோரின் மனதில் இருக்கும் பெரிய பயத்தைச் சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2014இல் அளுத்கம, 2017இல் காலிக்கு அருகே கிந்தோட்டை, 2018இல் திகன, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் வடமேல் மாகாணம் என்று நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. இந்தப் பயத்தைப் பிள்ளைத்தனம் என்று ஒதுக்க முடியாது. அதே வேளை, 2018 பெப்ரவரியில் பள்ளிவாசல் தாக்கப்பட்ட அம்பாறை நகரம் நமது மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆபத்து தூரத்தை மட்டும் பார்த்து வருவதில்லை.

ஆகவே பயத்தை ஏற்பாடாக மாற்றுவதே புத்தி. நகரில் தெரிந்த ஒரு முஸ்லிம் குடும்பம் உண்டா? திடீரென்று வளாகம் மூடப்பட்டால் மகள் அன்றிரவு எங்கே தங்குவாள்? விடுதிப் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம் வீட்டில் இருக்கிறதா? பொத்துவில், மொனராகலை வழியாக வர ஏறத்தாழ ஒரு பகல் பிடிக்கும். இரவுப் பயணத்தைத் தவிர்க்க எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? இவற்றுக்கு விடை கிடைத்தால் மனம் அமைதி அடையும். விடையே கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

பகிடிவதை எந்தச் சமூகத்துக்கும் உரிய கலாசாரம் அல்ல. அது நம் பிரதேசத்திலும் உண்டு, தெற்கிலும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருப்பதும், யாரிடம் முறையிடுவது என்பதும் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடந்ததை வீட்டில் சொன்னால் "படிப்ப விட்டுட்டு வா" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு இருக்கவே கூடாது. அந்தப் பயம்தான் பல பிள்ளைகளை வாய்மூட வைக்கிறது.

மகள் மாறிவிடுவாளா?

மாறுவாள். நான்கு வருடம் ஊரிலேயே இருந்தாலும் மாறுவாள். எந்த மாற்றம் கவலைப்பட வேண்டியது என்பதே கேள்வி. சிங்களம் கலந்து கதைப்பாள். தனியாக வங்கிக்குப் போவாள். வெசாக் காலத்தில் 'தன்சல்' வரிசையில் நண்பிகளோடு போவதா இல்லையா, விகாரைக்கு வரும்படி அழைத்தால் மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று அவளே யோசிக்க வேண்டி வரும். ஊரில் இத்தகைய கேள்விகள் எழுவதே இல்லை. எல்லோரும் செய்வதைச் செய்தால் போதும். அங்கே, ஏன் தொழுகிறாய், ஏன் மறைக்கிறாய் என்று அன்போடு கேட்பவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லப் போய்த்தான் நான் பலவற்றைப் படித்தேன். பெருநாள் முடிந்து போகும்போது வட்டிலப்பம் கொண்டுபோகாவிட்டால் அறைத்தோழிகள் கோபித்துக்கொள்வார்கள். நம்மைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்த எத்தனையோ விடயங்கள் அந்த ஒரு பாத்திரத்தைச் சுற்றியிருந்து பேசித் தீர்ந்தன.

'வேண்டாம்' என்பதும் சரியாகலாம்

எல்லோரும் போகத்தான் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உம்மாவுக்குத் தீராத நோய், பார்க்க வேறு ஆளில்லை என்றால் அது நியாயமான காரணம். மகளுக்கே விருப்பமில்லாத பாடநெறி, பெயருக்காக எழுதியது என்றால் அதுவும் காரணம். மஹாபொல உதவி கிடைத்தாலும் ஈடுகட்ட முடியாத செலவு என்றால் அதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அருகிலேயே அதே தரத்தில் அவள் விரும்பும் படிப்பு இருந்தால், அதற்காகக் காத்திருப்பதும் முடிவுதான்.

ஆனால் போகாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. போவதன் கஷ்டத்தை எண்ணும் நாம் அதை எண்ணுவதில்லை. அந்த விலையையும் அதே தாளில் எழுதுங்கள். ஐந்து வருடத்தின் பின் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்பதை இரண்டு பக்கத்துக்கும் எழுதிப் பாருங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்ற வரியை மட்டும் தனியே வைத்துவிட்டு மற்ற வரிகளைக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு விடயம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய, ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த சிங்கள மாணவியர் பலர் படிக்கிறார்கள். மாத்தறையிலும் கேகாலையிலும் அவர்களுடைய அம்மாமார், "முஸ்லிம் ஊர், கலாசாரம் வேறு, மகளை எப்படி அனுப்புவது?" என்று யோசித்துத்தான் அனுப்பியிருப்பார்கள். பஸ் தரிப்பிடத்தில் அவர்கள் வழி கேட்கும்போது நாம் எப்படிப் பதில் சொல்கிறோம், போடிங் கேட்டு வந்தால் எப்படி நடத்துகிறோம் என்பவற்றைக் கவனியுங்கள். நம் மகளுக்கு மாத்தறையில் எது கிடைக்க வேண்டுமென்று துஆக் கேட்கிறோமோ, அதை அவர்களுடைய மகளுக்கு இங்கே கொடுக்க நம்மால் முடியும்.

மாணவியரே, விண்ணப்பம் நிரப்புமுன் அந்த ஊரைப் போய்ப் பாருங்கள். ஒரு நாள் போதும். வாப்பாவை மட்டுமன்றி உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். விடுதி, கடை, பள்ளிவாசல், பஸ் நிலையம் நான்கையும் பார்த்து, அங்கு படிக்கும் நம் பிள்ளை ஒருத்தியோடு அரைமணி நேரம் கதையுங்கள். பெற்றோரே, திரும்பி வந்த பின் முதலில் மகளைப் பேச விடுங்கள். நான்கு வருடம் அங்கே வாழப்போகிறவள் அவள்தான்.